பல்லுக்குக் கிளிப்: மெட்டலா, செராமிக்கா, அலைனரா?

பல்லுக்குக் கிளிப் போடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டால், எந்தக் கிளிப் என்ற கேள்வி உடனே வந்து நிற்கும். கிளினிக்கில் மெட்டல், செராமிக், செல்ஃப் லைகேட்டிங், லிங்குவல், அலைனர் என்று வரிசையாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. தொகை ஏற ஏற வைத்தியமும் உசத்தி என்று நமக்குத் தோன்றும். என் மகள் பள்ளியில் படிக்கும்போது மெட்டல் கிளிப் போட்டாள். என் தம்பி வேலைக்குப் போய்ச் சில வருடம் கழித்து, கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் தகடான அலைனர் போட்டான். இரண்டையும் கூடவே இருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்: கிளிப்பின் விலையை வைத்துப் பல்வரிசை அமைவதில்லை. போட்டுக்கொள்பவரின் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகிறது, என்ன சாப்பிடுகிறார், எத்தனை தடவை டீ குடிக்கிறார், மாதம் ஒருமுறை கிளினிக் போக முடியுமா என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் பல் எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பல் எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொண்டு இல்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கமாகத் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு மெல்லக் கரைகிறது, இழுபடும் பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. இந்த வேலையை உடம்பு தன் வேகத்தில்தான் செய்யும். மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர், அவ்வளவுதான். அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடாது, வலிதான் கூடும். வேரின் நுனி தேயும் ஆபத்தும் இருக்கிறது. தள்ளுவது மெட்டலா, செராமிக்கா, பிளாஸ்டிக் தகடா என்பது எலும்புக்குத் தெரியாது. ஆகவே "ஆறே மாதத்தில் முடித்துத் தருகிறோம்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால், யாருக்கு ஆறு மாதம் என்று கேளுங்கள். முன்பல் லேசாகத் திரும்பியிருப்பவருக்கு முடியலாம். நான்கு பல் பிடுங்கி அந்த இடைவெளியை அடைக்க வேண்டியவருக்கு முடியாது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு வருடம் ஆகும், சிக்கலானவை அதற்கு மேலும் போகும்.

மெட்டல் கிளிப்பை ஏதோ பழங்கால வைத்தியம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். அது நியாயமில்லை. முதலில் போடுகிற அந்த மெல்லிய கம்பி நிக்கல், டைட்டானியம் கலந்த உலோகம். வளைத்தாலும் வாயின் சூட்டில் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும் குணம் அதற்கு உண்டு. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த இந்தக் கலவையை 1970-களில் பல்லுக்குக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன். கோணலான பல்லில் மாட்டிவிட்டால் கம்பி நேராக முயன்றுகொண்டே இருக்கும், கூடவே பல்லும் வரும். முதல் சில மாதத்தில் "அட, இவ்வளவு சீக்கிரம் நேராகிவிட்டதே" என்று தோன்றுவது இதனால்தான். ஆனால் அதோடு முடிவதில்லை. அப்புறம் தடிமனான, சதுர விளிம்புள்ள ஸ்டீல் கம்பி வரும். வேரைச் சரியான கோணத்தில் நிறுத்துவதும், இடைவெளியை மூடுவதும், மேல்வரிசையும் கீழ்வரிசையும் கடிக்கும்போது பொருந்தச் செய்வதும் இந்தக் கட்டத்தில்தான். வெளியில் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். பிள்ளைகள் "பல்லுதான் நேராகிடுச்சே, கழட்டிடலாமே" என்று நச்சரிப்பதும் இந்தச் சமயத்தில்தான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

கிளிப் ஒட்டுகிற நாளைப் பற்றிப் பயமே வேண்டாம். மரத்துப்போக ஊசி எதுவும் கிடையாது. பல்லின் மேல் புளிப்பான ஒரு ஜெல் தடவி, கழுவி, காயவைத்து, கம்பியைத் தாங்கும் சின்னத் துண்டான பிராக்கெட்டைப் பசையோடு வைத்து நீல விளக்கைக் காட்டுவார்கள். ஒரு மணி நேரம் வாயைத் திறந்து வைத்திருப்பதுதான் கஷ்டம். வலி அன்று சாயங்காலம்தான் தொடங்கும், மறுநாள் உச்சத்துக்குப் போகும், நான்கைந்து நாளில் அடங்கும். என் மகளுக்கு முதல் இரண்டு நாள் தோசையைக்கூடக் கடிக்க முடியவில்லை. குழைந்த ரசம் சாதம், தயிர் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி என்று ஓட்டினோம். கன்னத்தின் உட்பக்கம் பிராக்கெட் உரசிப் புண்ணாகும். கிளினிக்கிலேயே ஒரு சின்னப் பெட்டியில் மெழுகு கொடுப்பார்கள். அரிசி அளவு கிள்ளி, உருட்டி, குத்தும் பிராக்கெட்டின் மேல் ஒட்டினால் போதும். பஞ்சால் ஒற்றி எச்சில் இல்லாமல் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும், ஈரத்தில் மெழுகு நிற்காது. இரண்டு மூன்று வாரத்தில் கன்னம் பழகிவிடும். பல் லேசாக ஆடுவது போலத் தெரியும். நகர்கிற பல் ஆடத்தான் செய்யும்.

சாப்பாட்டில் விட வேண்டியவை உண்மையிலேயே நம் வீட்டுப் பலகாரங்கள்தான். முறுக்கு, தட்டை, கடலைமிட்டாய், கரும்பு, முழு நெல்லிக்காய், எலும்புக் கறி. ஒரு முறுக்கில் பிராக்கெட் பெயர்ந்தால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்வரை அந்தப் பல் சும்மா நிற்கும், சில சமயம் பின்னால் கூடப் போகும். மாங்காய், கொய்யா, ஆப்பிளைச் சின்னத் துண்டாக நறுக்கிக் கடைவாயில் மென்று சாப்பிடலாம். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளை இதையெல்லாம் பார்த்துச் சாப்பிடுமா, பெயர்ந்தால் உடனே காட்ட வழி இருக்கிறதா என்பதையும் கணக்கில் எடுங்கள்.

செராமிக் கிளிப்பின் ஒரே லாபம் தோற்றம். பிராக்கெட் பல் நிறத்தில் இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் கம்பி மட்டும் ஒரு கோடாகத் தெரியும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டிலும், ஆட்களை நேரில் பார்த்துப் பேசும் வேலையிலும் அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் சமையலில் மஞ்சள்தூள் இல்லாத குழம்பு ஏது? பிராக்கெட்டைக் கம்பியோடு பிணைக்கிற அந்தக் குட்டி ரப்பர் வளையங்கள் கண்ணாடி நிறத்தில் இருந்தால் ஒரே ஒரு சாம்பார் சாதத்தில் மஞ்சளாகிவிடும். அடுத்த முறை மாற்றும்வரை அப்படியேதான் இருக்கும். பல் அழகாகத் தெரிய வேண்டும் என்று கூடுதல் காசு கொடுத்தவருக்குப் பல்லே மஞ்சளாகத் தெரியும். வெளிர்நிற வளையத்துக்குப் பதிலாகச் சாம்பல் நிறமோ, ரப்பருக்குப் பதிலாக மெல்லிய கம்பிக் கட்டோ கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, செராமிக் கடினமானது, ஆனால் நொறுங்கும். கீழ்ப்பல்லில் ஒட்டினால் மேல்பல் அதன் மேல் கடித்து எனாமல் தேய வாய்ப்பு உண்டு. அதனால் பல டாக்டர்கள் மேலே செராமிக், கீழே மெட்டல் என்று போடுகிறார்கள். பேசும்போது பலருக்கு மேல்வரிசைதான் அதிகம் தெரியும் என்பதால் இது நல்ல ஏற்பாடு, செலவும் குறையும்.

செல்ஃப் லைகேட்டிங் பிராக்கெட்டில் ரப்பர் வளையம் கிடையாது, சின்னக் கதவு மாதிரி ஒரு மூடி கம்பியைப் பிடித்துக்கொள்ளும். வைத்தியம் சீக்கிரம் முடியும், வலி குறையும் என்று சொல்லி விற்கிறார்கள். இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இரண்டிலுமே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். டாக்டருக்குக் கம்பி மாற்ற நேரம் கொஞ்சம் மிச்சம். அதற்காகக் கூடுதல் தொகை கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

லிங்குவல் என்பது பல்லின் உட்பக்கம் ஒட்டுவது. வெளியே துளிகூடத் தெரியாது. நாக்கு உரசிப் புண்ணாகும், சில வாரம் பேச்சு குழறும், சுத்தம் செய்வது கஷ்டம், இதில் கைதேர்ந்த டாக்டர்கள் குறைவு, செலவும் அதிகம். மேடையில் ஆடுபவர், கேமரா முன் நிற்பவர் தவிர மற்றவர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி அலைனர். இன்று பெரியவர்களில் பலர் முதலில் கேட்பது இதைத்தான். 1997-ல் தொடங்கிய அலைன் டெக்னாலஜி என்ற அமெரிக்க நிறுவனம் இன்விசலைன் என்ற பெயரில் இதைப் பரவலாக்கியது. இப்போது இந்தியாவிலேயே பல நிறுவனங்கள் செய்கின்றன. பல்லை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தகடாக வரிசையாகச் செய்து கொடுப்பார்கள். வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். சாப்பிடும்போது கழற்றலாம், பல்லை நன்றாகத் தேய்க்கலாம், முறுக்கு தின்னலாம், கம்பி குத்தாது, கிளினிக்குக்கு அடிக்கடி ஓட வேண்டாம். கண்ணுக்கே தெரியாது என்பது மட்டும் முழு உண்மை இல்லை. தகடு பிடித்துக்கொள்ள, பல் நிறத்தில் சின்னச் சின்ன மேடுகளைப் பல் மேல் ஒட்டுவார்கள். பக்கத்தில் நின்று பேசுபவருக்குத் தெரியும்.

ஆனால் ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் அது வாயில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, கழுவுவது, திரும்ப மாட்டுவது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் போய்விடும். 22 மணி நேரம் என்றால் மிச்சம் அரை மணி நேரம்தான், 20 என்றாலும் இரண்டரை மணி நேரம்தான். என் தம்பி விற்பனை வேலையில் இருப்பவன். கடைக்குக் கடை போவான், போகிற இடமெல்லாம் டீ கொடுப்பார்கள். அலைனரைப் போட்டுக்கொண்டு சூடான, சர்க்கரை போட்ட டீ குடிக்கக் கூடாது. தகடு கறை பிடிக்கும், சூட்டில் வளையும், உள்ளே தேங்கும் சர்க்கரை பல்லைச் சொத்தையாக்கும். ஒவ்வொரு டீக்கும் கழற்றி, பெட்டியில் வைத்து, வாய் கொப்பளித்து, திரும்ப மாட்டுவது என்றால் எத்தனை நாள் நடக்கும்? சட்டைப் பையில் இருந்த பெட்டியிலேயே மத்தியானம் முழுக்கத் தகடு கிடந்த நாட்கள் உண்டு. அப்படி விட்டால் அடுத்த தகடு பல்லில் சரியாக உட்காராது, நுனியில் இடைவெளி தெரியும். டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு தகடையும் இன்னும் சில நாள் கூடுதலாகப் போடச் சொன்னார். கடைசியில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று டீயைக் குறைத்த பிறகுதான் வேலை நடந்தது. முடிவு நன்றாகவே வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். அவனுக்கு இருந்தது கொஞ்சம் நெருக்கமான முன்பல் மட்டும்தான், அலைனருக்கு ஏற்ற கேஸ்.

லேசான நெருக்கம், பல்லுக்கு நடுவே இடைவெளி, சின்ன வயதில் கிளிப் போட்டு மறுபடி விலகியது, இவற்றுக்கு அலைனர் நன்றாக வேலை செய்யும். உருண்டையான கோரைப்பல் நன்றாகத் திரும்பியிருப்பது, ஒரு பல்லைக் கீழே இழுத்து இறக்க வேண்டியிருப்பது, பல் பிடுங்கிப் பெரிய இடைவெளியை அடைப்பது, இவற்றில் கம்பிக்குத்தான் பிடி அதிகம். அனுபவமுள்ள டாக்டர் அலைனரிலும் செய்வார், ஆனால் கூடுதல் செட் தகடுகள் தேவைப்படுவது சாதாரணம். அந்தக் கூடுதல் செட்டுக்குத் தனிக் காசா என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள்.

டாக்டரையே பார்க்காமல், வீட்டிலேயே அச்செடுத்து அனுப்பினால் தகடு வந்து சேரும் என்று விற்பதை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்காவில் அந்த வழியில் மிகப் பெரிதாக வளர்ந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் திடீரென்று மூடப்பட்டது. பாதி வைத்தியத்தில் இருந்தவர்கள் கேட்க ஆளில்லாமல் நின்றார்கள். எக்ஸ்ரே எடுக்காமல், ஈறைப் பார்க்காமல் பல்லை நகர்த்துவது ஆபத்து. ஈறு நோயால் எலும்பு ஏற்கெனவே குறைந்திருந்தால் அந்தப் பல் ஆடி விழவும் கூடும்.

எந்தக் கிளிப் என்பதைவிட என்னைக் கவலைப்பட வைத்தது வயது. கீழ்த்தாடை பின்தங்கி, மேல்பல் எத்தி நிற்கும் பிள்ளைக்கு, வளர்ச்சி வேகமாக இருக்கும் 10 முதல் 13 வயதுக்குள் கழற்றி மாட்டும் கருவி ஒன்றைப் போட்டால் வளர்ச்சியையே துணைக்கு வைத்துக்கொண்டு சரிசெய்யப் பார்க்கலாம். அந்தக் காலம் போய்விட்டால் பல்லை மட்டும்தான் நகர்த்த முடியும். தாடை வித்தியாசம் பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சை வரை போகும். "எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும், வயசுக்கு வரட்டும், பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதில் இந்த இழப்பு இருக்கிறது. 7 வயதில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. பெரும்பாலும் "இப்போது ஒன்றும் வேண்டாம்" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். பெரியவர்களுக்கு வயது தடையே இல்லை. ஈறும் எலும்பும் ஆரோக்கியமாக இருந்தால் ஐம்பதிலும் போடலாம்.

பல் பிடுங்க வேண்டும் என்று சொன்னதுமே பல வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று பாட்டிமார் சொல்வதை நானும் கேட்டு வளர்ந்தவள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு, அந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை. வழக்கமாக எடுப்பது கோரைப்பல்லுக்கு அடுத்திருக்கும் முன்கடைவாய்ப் பற்கள், பக்கத்துக்கு ஒன்றாக நான்கு. எத்துப்பல்லை உள்ளே கொண்டுபோக இடம் வேண்டும், அந்த இடம் இதிலிருந்து வருகிறது. ஆனால் எல்லோருக்கும் தேவைப்படாது. பல்லுக்கு நடுவே மிக லேசாக ராவி இடம் எடுப்பது, சின்ன வயதில் அண்ணத்தை அகலமாக்குவது, எலும்பில் குட்டி ஸ்க்ரூ வைத்துப் பின்னால் இழுப்பது என்று வேறு வழிகளும் இருக்கின்றன. ஒரு டாக்டர் பிடுங்க வேண்டும் என்றும் இன்னொருவர் வேண்டாம் என்றும் சொன்னால், இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: முடிந்த பிறகு என் உதடும் முகத்தின் பக்கவாட்டுத் தோற்றமும் எப்படி இருக்கும்? எக்ஸ்ரேயை வைத்து விளக்கிச் சொல்பவரை நம்பலாம்.

அந்த டாக்டர் யார் என்பதுதான் இந்த முடிவிலேயே கனமான பகுதி. பி.டி.எஸ் முடித்த பிறகு மூன்று வருடம் பல்சீரமைப்பில் எம்.டி.எஸ் படித்தவர் ஆர்த்தோடான்டிஸ்ட். நம் ஊர்களில் பல கிளினிக்குகளுக்கு இவர் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வந்து போவார். அதில் தவறில்லை. அந்த நாள் உங்களுக்கு ஒத்துவருமா, இடையில் கம்பி குத்தினால் யார் பார்ப்பார்கள், முடியும்வரை அவரே வருவாரா என்பதைக் கேட்டுவிடுங்கள். செலவு பெரிய பிரச்சினை என்றால் பல் மருத்துவக் கல்லூரிகளை மறக்காதீர்கள். சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரிகளிலும் வெளியே ஆவதைவிடக் குறைவாகவே ஆகும். பேராசிரியர் மேற்பார்வையில் முதுநிலை மாணவர்கள் செய்வார்கள், திட்டம் போடுவதில் நிதானம் அதிகம். காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அரை நாள் போகும், மாணவர் படிப்பு முடிந்து போனால் கை மாறும். நேரம் இருப்பவர்களுக்கு இது மிக நல்ல வழி என்று தயங்காமல் சொல்வேன்.

தனியார் கிளினிக்குகளில் நான் விசாரித்தவரை மெட்டலுக்குச் சுமார் 25,000 முதல் 50,000 ரூபாய் வரை சொன்னார்கள். செராமிக் அதைவிடப் பத்து இருபதாயிரம் கூட. அலைனர் ஒரு லட்சத்தை ஒட்டித் தொடங்கி இரண்டு, மூன்று லட்சம் வரை போனது. பெரும்பாலும் தவணையாக வாங்கிக்கொள்கிறார்கள். எக்ஸ்ரே, பல் பிடுங்குவது, சுத்தம் செய்வது, பெயர்ந்த பிராக்கெட்டை ஒட்டுவது, கடைசியில் பல் மறுபடி விலகாமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர், இவையெல்லாம் அந்தத் தொகைக்குள்ளா வெளியா என்பதில்தான் இரண்டு கிளினிக்குக்கும் உண்மையான வித்தியாசம் தெரியும்.

என்னைக் கேட்டால் பள்ளிப் பிள்ளைக்கு மெட்டல். கழற்ற முடியாது என்பதே அதன் பெரிய பலம். மிச்சமாகும் பணத்தில் நல்ல டாக்டரிடம் போங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கினால், கிளிப்பைக் கழற்றும் நாளில் பல்லில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் இருக்கும், அவை முழுதாகப் போகாது. ஃபுளோரைடு பேஸ்ட், கம்பிக்கு அடியில் நுழையும் சின்ன பிரஷ், இரவு தூங்குமுன் ஐந்து நிமிடம். மேலும் கீழும் இழுத்து மாட்டும் ரப்பர் கொடுத்தால் அதைப் பிள்ளைதான் தினமும் போட வேண்டும், அதை யாராவது பார்த்துக்கொள்ளவும் வேண்டும். பெரியவருக்கு, சின்னக் கோணல் மட்டும் என்றால், கையில் பணமும் ஒழுங்கும் இருந்தால், அலைனர். பெரிய வேலை இருந்து தோற்றமும் முக்கியம் என்றால் மேலே செராமிக், கீழே மெட்டல்.

எதைப் போட்டாலும் கழற்றிய பிறகு ரிட்டெய்னர் உண்டு. நார்ப்படலம் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும், புது எலும்பு இறுகவும் நாளாகும். முதல் சில மாதம் பகல் இரவு, அப்புறம் பல வருடம் இரவில் மட்டும். கீழ் முன்பல்லின் உட்பக்கம் ஒட்டும் மெல்லிய கம்பி மறதிக்காரர்களுக்கு நல்லது, ஆனால் அடியில் காறை படியும், ஒரு முனை பெயர்ந்தால் தெரியவே தெரியாது. கண்ணாடி மாதிரி இருக்கும் தகடு வெளியே தெரியாது, ஒன்றிரண்டு வருடத்தில் விரிசல் விடும். அண்ணத்தில் பிளாஸ்டிக்கும் முன்னால் கம்பியும் உள்ளது பார்க்கச் சுமார், உழைப்பு அதிகம். வெந்நீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும். ஹோட்டலில் டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்தால் இலையோடு போய்விடும், பெட்டி கையிலேயே இருக்கட்டும். கிளிப் கழற்றும் நாளில் எடுத்த அச்சையோ ஸ்கேன் ஃபைலையோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தகடு தொலைந்தாலும் அதை வைத்துப் புதியது செய்யலாம், பல் விலக ஆரம்பிப்பதற்குள்.